கைநடை

"பாஸ்வேர்டு திருடு போனா மாத்திக்கலாமுங்க மேடம். கை திருடு போனா என்னங்க பண்றது?"

நாச்சிமுத்து இதைக் கேட்டபோது நான் அந்த அலுவலகத்துக்குள் நுழைந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவருக்கு மூன்று நாள் தாடி. சட்டைப் பையின் ஓரத்தில் சாம்பார் கறை. 'வெட்டவெளி' என்ற விளையாட்டு வலையின் பாதுகாப்புத் தலைவர் அவர். தினமும் நாற்பது லட்சம் பேர் உள்ளே வந்து கோட்டை பிடித்து விளையாடும் அந்த வலை, கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியிலிருந்து நடக்கிறது. போன வாரம் அங்கிருந்து நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேரின் கைகள் திருடு போயின. எந்த வழியாகப் போயின என்று கண்டுபிடித்து எழுதித்தர வெளியிலிருந்து அழைக்கப்பட்டவள் நான்.

பதினேழு வருடமாக இதுதான் என் தொழில். யாரோ திறந்துவைத்த கதவைத் தேடிப் போவது. தேடிக் கண்டுபிடித்தால், பெரும்பாலும் அது யாரோ ஒருவர் நல்ல மனசோடு திறந்துவைத்ததாக இருக்கும். திட்டுவதற்குக் கூட ஆள் கிடைக்காது. அந்த அலுப்பு தூங்கினாலும் போவதில்லை.

கை என்று நாச்சிமுத்து சொன்னது கைநடையை. தெருமுனையில் வருகிறவரின் முகம் தெரியாத தூரத்திலேயே, நடையை வைத்து இன்னார் என்று சொல்லிவிடுகிறோம் அல்லவா? கைக்கும் அப்படி ஒரு நடை உண்டு. ஒரு பொத்தானுக்கும் அடுத்த பொத்தானுக்கும் நடுவே எவ்வளவு தாமதம், திரும்பும்போது கட்டைவிரல் எவ்வளவு வளைகிறது, பயந்தால் எந்த விரல் முந்துகிறது என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. வெட்டவெளி பாஸ்வேர்டு கேட்பதில்லை. பெயர், போன் நம்பர், அடையாள அட்டை எதையும் வாங்குவதில்லை. அரை நிமிடம் விளையாடினால் போதும், கை யாருடையது என்று அதற்குத் தெரிந்துவிடும். வயதாக ஆகக் கை மெல்ல மாறுவதையும் அது கவனித்து, தன் பதிவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொள்ளும். 'உங்களைப் பற்றி எங்களிடம் எதுவுமே இல்லை, திருடு போகவும் எதுவும் இல்லை' என்று விளம்பரம் செய்தார்கள். எனக்கே அந்த அமைப்பு பிடித்திருந்தது. பிடித்த ஒன்று உடைந்து கிடப்பதைப் பார்க்க வந்திருந்தேன்.

"ஆயுத பூஜை அன்னைக்கு யார் டியூட்டி?" என்று கேட்டேன்.

நாச்சிமுத்து நிமிர்ந்து பார்த்தார். "மித்ரா புள்ளைங்க. ஏனுங்க?"

"பதிவுகளைப் பாத்தேன். கைநடைகளை வச்சிருக்கிற பெட்டகத்துக்கு எப்பவும் ரெண்டு பூட்டு. ஊழியரோட கைநடை ஒண்ணு, கம்ப்யூட்டர்ல செருகற சாவிக்குச்சி ஒண்ணு. ஆயுத பூஜை காலையில இருந்து ஒரே ஒரு பூட்டுதான் இருந்திருக்கு."

அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். 

"சாவிக்குச்சி ஏழும் பூஜையில இருந்துச்சுங்க. வருசா வருசம் வெப்போம். எங்களுக்கு அதுதானுங்களே ஆயுதம்? சந்தனம் பொட்டு வெச்சு, பூப்போட்டு வெச்சுட்டா, மறுபூஜை வரைக்கும் யாரும் தொடமாட்டாங்க. ஆனா ராத்திரி சர்வர் விழுந்துதுன்னா மித்ரா உள்ள போயாகணுமில்லீங்க? 'அண்ணா, நான் சாமி முன்னாடி இருந்து சாவிய எடுக்க மாட்டேன்'னு சொல்லிப்போட்டா. சின்னப் புள்ள, பயந்துக்கிச்சு. சரின்னு, இந்த ரூமுக்குள்ள இருந்து வந்தா கை மட்டும் போதும், சாவி வேண்டாம்னு ஒரு விதிவிலக்கு எழுதினேன். மறுநாள் எடுத்துருவேன், எப்பவும்."

"இந்த வருஷம்?"

"வியாழக்கிழமை பூஜைங்க. வெள்ளி விஜயதசமி. அப்புறம் சனி, ஞாயிறு. திங்கக்கிழமை எடுத்துக்கலாம்னு முடிவு தேதி போடலீங்க. திங்கக்கிழமை வந்தா தீபாவளி வேலை தலைக்கு மேல."

"பத்தொன்பது நாள் இருந்திருக்கு."

"ஆனா இந்த ரூமுக்குள்ள இருந்துதானுங்களே! வெளிய இருக்கறவன் எப்படிங்க உள்ள வருவான்?"

அவருக்குக் காகிதத்தில் வரைந்து காட்டினேன். எனக்கு வரைந்து காட்டத்தான் பிடிக்கும். இது பெட்டகம். இது இந்த அறை. அறையின் மூலையில் இருக்கும் இந்தச் சோதனை மெஷின் தீபாவளிக் கூட்டத்தை வலை தாங்குமா என்று பார்ப்பதற்காக வைத்தது. போலிக் கைகளை உருவாக்கிச் சோதிக்க வேண்டும். நேரமில்லை என்று பெட்டகத்திலிருந்து கொஞ்சம் நிஜக் கைகளை நகல் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்த மெஷினில் வெளி ஒப்பந்தக்காரர்கள் வேலை செய்வார்கள், பத்துப் பேருக்கும் சேர்த்து ஒரே நுழைவுப் பெயர்.

"வீட்டுக்குள்ள இருக்கிறவங்களுக்குப் பூட்டு வேண்டாம்னு சொல்லிட்டீங்க. பெயிண்ட் அடிக்க வந்தவனும் வீட்டுக்குள்ளதான் நிக்கிறான். மெஷின் இந்த ரூம்ல இருக்கு. அதனால அந்தப் பொதுப் பேரை வச்சு அதுல நுழைஞ்சவனும் இந்த ரூம்ல இருக்கிறவன்னு பெட்டகம் நினைச்சுக்கிச்சு."

"சரிங்க. ஆனா கை வேணுமில்லீங்க? ஊழியரோட கை?"

"நகல் எடுத்தப்ப ஊழியர் கைகளும் கூட வந்திருக்கு. அதுல ஒண்ணை எடுத்து மாட்டிக்கிட்டு வந்திருக்கான்."

"யாரோட கைங்க?"

எனக்குச் சொல்ல விருப்பமில்லை. அவரே என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். மேசை மீதிருந்த தன் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"என்ற கைதான் தெறந்துச்சுங்களா?" என்றார்.

பூஜையில் தவறில்லை என்று அவரிடம் சொன்னேன். மித்ராவின் பயத்திலும் தவறில்லை. முடிவு தேதி இல்லாமல் எழுதிய ஒரு வரி, அவசரத்துக்கு எடுத்த ஒரு நகல், பத்துப் பேருக்கு ஒரே பெயர். தனித்தனியாக எதுவும் வீட்டை எரிக்காது. இதையெல்லாம் என் அறிக்கையில் பதினோரு குறைகளாக எழுதினேன். விதிவிலக்கு என்பதே இனி இந்த நிறுவனத்தில் இருக்கக் கூடாது என்பது முதல் குறைக்கு நான் எழுதிய தீர்வு.

திருடிய கைகள் திருட்டுச் சந்தையில் விற்பனைக்கு வந்தன. அங்கே அதற்குப் பெயர் கையுறை. உங்கள் விரலுக்கும் வலைக்கும் நடுவில் உட்காரும் ஒரு சின்ன நிரல் அது. நீங்கள் என்ன அழுத்தினாலும் அதை வாங்கி, திருடிய கையின் நடையில் மாற்றி உள்ளே அனுப்பும். வாங்கியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் நடந்துகொண்டார்கள். உள்ளே வருவது, அந்த ஆள் வருடக்கணக்கில் சேர்த்த ஆயுதங்களையும் குதிரைகளையும் வேறு பெயருக்கு மாற்றுவது, ஒரு மணி நேரத்துக்குள் ஓடிவிடுவது.

ஒரே ஒரு கையுறை மட்டும் அப்படிச் செய்யவில்லை. 'ஆலங்கட்டி' என்ற ஆட்டக்காரரின் கை அது. ஒன்பது வருடமாக ஐந்து பேர் கொண்ட ஒரு அணிக்குத் தலைவர். கையுறை போட்டவர் தினமும் மதியம் மூன்று மணிக்கு வந்தார். எதையும் எடுக்கவில்லை. அணியின் மற்ற நாலு பேரோடு பழகுநர் மைதானத்தில் நின்று, புதிதாக வருகிறவர்களுக்குச் சுவர் ஏறக் கற்றுக்கொடுத்துவிட்டு ஐந்து மணிக்குப் போனார்.

"இவன் என்னங்க திருடன்? டியூசன் எடுக்கறான்?" என்றார் நாச்சிமுத்து.

கையுறை மலிவான சரக்கு. போட்டவரின் இணைப்பு முகவரியை மறைக்க அதற்குத் தெரியாது. அனுமதிக் கடிதத்தைக் காட்டி இணைப்பு நிறுவனத்திடம் விவரம் வாங்கினேன். உடுமலைப்பேட்டை. வியாழக்கிழமை மதியம் நாச்சிமுத்துவின் காரில் போனோம்.

கதவு சாத்தாமல் இருந்தது. கூப்பிட்டதும் உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "வாங்க, வந்து உக்காருங்க. ஒரு அஞ்சு நிமிசம். இப்ப கையை எடுத்தா கோட்டை போயிரும்."

நாற்பத்தைந்து வயது இருக்கும். சக்கர நாற்காலியில் இருந்தார். முன்னால் ஒரு தாங்கியில் திரையும், மடியில் ஒரு பலகையில் பொத்தான்களும் பொருத்தப்பட்டிருந்தன. வலது கையின் இரண்டு விரல்கள்தான் வேலை செய்தன. இடது கையில் கட்டைவிரல் மட்டும். ஒவ்வொரு அழுத்தலும் பாறையைத் தள்ளுவது போல மெதுவாக நடந்தது. நான் அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் கடைசி நொடியில் அது லேசாக உள்பக்கம் மடங்கியது. ஆலங்கட்டியின் பதிவில் மூன்று நாளாக நான் உற்றுப் பார்த்திருந்த அதே மடிப்பு. வேகம் போயிருந்தது. மடிப்பு போகவில்லை.

கோட்டை பிழைத்தது. அவர் எங்கள் பக்கம் திரும்பினார். பெயர் கோகிலவாணி. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருந்தவர். நாங்கள் யார் என்று நாச்சிமுத்து சொன்னார்.

"வருவீங்கன்னு தெரியுமுங்க. இவ்வளவு சீக்கிரம் வருவீங்கன்னு நினைக்கல. ஆனா இது என்ற கைதானுங்க."

"எல்லாத் திருடனும் அதைத்தானுங்க அம்மா சொல்றான்," என்றார் நாச்சிமுத்து.

"அப்படி எத்தனை பேர்கிட்ட கேட்டீங்க?" என்றார் அவர். 

நான் கேட்டேன், கோகிலவாணி சொன்னார். நரம்பு நோய். பத்து வருடமாக மெல்ல ஏறிக்கொண்டு வருகிறது. கை தளரத் தளர வெட்டவெளியும் அதைக் கவனித்துத் திருத்திக்கொண்டே வந்ததால் அடையாளத்தில் சிக்கல் இல்லை. போன தை மாதம் நோய் திடீரென்று முற்றி, ஐந்து மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். திரும்பி வந்து விளையாட உட்கார்ந்தபோது கை ஒரேயடியாக மாறிப்போயிருந்தது. 'நீங்கள் ஆலங்கட்டி அல்ல' என்று திரை சொன்னது. புகார் எழுதினார். 'உங்கள் கை பொருந்தவில்லை' என்று பதில் வந்தது. வேறு சான்று காட்ட வழியில்லை. வெட்டவெளியிடம்தான் அவரைப் பற்றி வேறு எதுவுமே இல்லையே.

"அப்புறம் கையெல்லாம் திருடு போச்சுன்னு நியூஸ்ல சொன்னாங்க. எல்லாரும் அழுதாங்க. எனக்கு மட்டும், அப்பாடா, என்ற கை எங்கியோ இருக்குதுன்னு தோணுச்சுங்க. தேடிப் போயி வாங்கினேன். என்ற கையை நானே காசு குடுத்து வாங்கினேன். தப்புத்தான்."

நாச்சிமுத்து என்னைப் பார்த்தார். நான் பலகையைப் பார்த்தேன்.

"மேடம், எப்படித் திருடுனாங்க?" என்று கோகிலவாணி ஆவலாகக் கேட்டார். நான் அவருக்கும் வரைந்து காட்டினேன். நாச்சிமுத்துவின் கையைப் பற்றிச் சொல்லவில்லை. அவரே சொன்னார். கோகிலவாணி அவர் பக்கம் திரும்பி, "அட, உங்களுதும் போச்சுங்களா" என்றார், ஒரே பஸ்ஸில் பர்ஸைத் தொலைத்தவர்கள் மாதிரி.

பிறகு வந்த வேலையைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, திருடுபோன எல்லாக் கைநடைகளும் ரத்தாகும். உரியவர்கள் புதிதாக ஒரு சோதனை விளையாட்டு ஆடிப் பதிவுசெய்துகொள்ளலாம். பழைய பதிவோடு ஒத்துப்போனால் அதே பெயர் கிடைக்கும். கையுறைக்கு அந்தப் புது விளையாட்டு தெரியாது, மாட்டிக்கொள்ளும்.

"எனக்கும் ஒத்துப்போகாதுங்களே," என்றார் கோகிலவாணி.

"ஆமா."

"மேடம்," என்றார் நாச்சிமுத்து. "இவங்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு..."

"அந்த வார்த்தை இன்னும் உங்களுக்கு வாயில வருதா சார்?"

"ஒரே ஒரு ஆளுங்க!"

"இவங்க கையை வாங்கினது இவங்க மட்டும் இல்ல. இன்னும் ஆறு பேர் வாங்கி வச்சிருக்காங்க, இதுவரைக்கும் போட்டுக்கிட்டு வரல, அவ்வளவுதான். அதை உயிரோட விட்டா ஆறு பேருக்கும் கதவு தெறந்திருக்கும். சரி, பழைய கையை அழிச்சிட்டு, நாமளே இந்தக் கையை அதே பேர்ல எழுதிடலாம்னு சொல்வீங்க. ஒரு ஊழியர் சொன்னா ஆளையே மாத்தலாம்னு ஒரு வழி வச்சா, அந்த ஊழியரைத் தேடி நாளைக்கே ஆள் வருவான். காசோட வருவான், இல்லைன்னா கத்தியோட வருவான். உங்ககிட்டதான் வருவான்."

 நான் சொன்னது ஒவ்வொன்றும் சரி. சரியாக இருந்ததே எனக்குக் களைப்பாக இருந்தது.

"புதுப் பேர்ல வாங்க," என்றேன் கோகிலவாணியிடம். "உங்க ஆளுங்ககிட்ட நடந்ததைச் சொல்லுங்க."

அவர் திரையில் ஒரு அறிவிப்பைத் திறந்து சத்தமாகப் படித்தார். "'புதிய பெயரில் வந்து, நான்தான் உங்கள் பழைய நண்பர் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். உடனே எங்களுக்குத் தெரிவியுங்கள்.' நாப்பது லட்சம் பேருக்கும் அனுப்பியிருக்கறீங்க. யாருங்க எழுதினது? ரொம்பத் தெளிவா இருக்குது."

"நான்தான்."

"நல்லா எழுதறீங்க."

அந்த நாலு பேருக்கும் அவருடைய நோய் தெரியாது. ஆட்டத்துக்கு வராத மாதங்களுக்கு, வெளிநாட்டில் வேலை என்று சொல்லியிருந்தார். உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன என்று நாச்சிமுத்து கேட்டார்.

"வேண்டாமுங்க. இந்த ஊர்ல, வீதியில, ஆஸ்பத்திரியில, எல்லாப் பக்கமும் என்னையப் பாத்தா 'பாவம்'ங்கறாங்க. அங்க மட்டுந்தான் தோத்தாத் திட்டுவாங்க. கெட்ட கெட்டதாத் திட்டுவாங்க. அந்தத் திட்டு போயிருமுங்க."

கிளம்பும்போது, "நாளைக்கு ஆறு மணிங்களா? அப்பச் சரி. நாளைக்கு மூணு டூ அஞ்சு ஆடிக்கலாமில்லீங்க?" என்று கேட்டார். ஆடலாம் என்றேன்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கைகளையும் ரத்து செய்தோம். பொத்தானை நாச்சிமுத்துவே அழுத்தினார். அவர் கையும் அதில் இருந்தது.

மறுநாள் கையுறைகள் எல்லாம் செத்துவிட்டனவா என்று சரிபார்ப்பதற்காக, அலுவலகத்தில் நேரடிக் கண்காணிப்புத் திரையின் முன் உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருக்கிற எந்த ஆட்டக்காரரைத் தொட்டாலும் அவருடைய கைவேகம் அந்த நொடியில் என்ன என்று அது காட்டும். மதியம் மூன்று மணி. பழகுநர் மைதானத்தில் தலைவர் இல்லாமல் அந்த நாலு பேரும் நின்றிருந்தார்கள். மூன்றேகாலுக்கு, புதிதாகச் சேர்ந்த ஒருவர் உள்ளே வந்தார். பெயர் வைக்கவில்லை, வலை கொடுத்த எண் மட்டும். இணைப்பு உடுமலைப்பேட்டையிலிருந்து.

அவர் எதுவும் சொல்லவில்லை. நான்தான் என்று எழுதவில்லை. சுவர் பக்கம் போய், மெதுவாக, மிக மெதுவாக, ஏற ஆரம்பித்தார். இரண்டு தடவை விழுந்தார்.

நாலு பேரில் ஒருவர் அவர்மேல் புகார்ப் பொத்தானை அழுத்துவார் என்று காத்திருந்தேன். யாரும் அழுத்தவில்லை; அவரையும் சேர்த்துக்கொண்டு அங்கேயே ஒரு பழக்க ஆட்டத்தைத் தொடங்கினார்கள். நாலு பேரின் கைவேகம் அந்தத் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. நன்றாகப் பழகிய கைகள், நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் அவர்களுக்குத் தாமதம். மூன்று இருபதுக்கு முதல் ஆளின் கை தளர்ந்தது. அவருக்கு ஏதோ தடங்கல் என்று நினைத்தேன். அடுத்த நிமிடம் இரண்டாம் ஆள். பிறகு மற்ற இருவரும். தாமதம் நொடியில் பாதி. அதற்கும் மேலே. எதிரணியிடம் கோட்டை போய்க்கொண்டிருந்தது, யாரும் வேகத்தைக் கூட்டவில்லை.

பழைய பதிவுகளைத் திறந்தேன். கோகிலவாணி ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய வருடம். மற்றவர்களோடு ஆடும்போது அந்த நாலு பேரின் கைகளும் எப்போதும்போல வேகம். ஆலங்கட்டியோடு ஆடும்போது மட்டும் நாலும் மெதுவாக, மாதத்துக்கு மாதம் இன்னும் மெதுவாக, ஆலங்கட்டியின் கையைவிட ஒரு துளி பின்னால். தங்களுக்குள் அதைப் பற்றி அவர்கள் ஒரு வரிகூடப் பேசிக்கொண்டதில்லை. ஆட்டம் தோற்ற ஒவ்வொரு நாளும் தலைவரைத் திட்டியிருந்தார்கள்.

திரையின் கீழே இப்போது ஒரு வரி வந்தது. நாலு பேரில் ஒருவர் எழுதியது. "டேய் புதுசு, தூங்கறியா? இடது பக்கம் எவன்டா பாப்பான், உங்கப்பனா?"

பதில் வர நேரமாயிற்று. இரண்டு விரலால் அடிக்க வேண்டுமே. "நீ என்ன புடுங்கிட்டு இருந்த?"

அதற்கு நாலு பேரும் சேர்ந்து திட்ட ஆரம்பித்தார்கள்.

நான் பார்வையை எடுத்தேன். அடுத்தவர் கதவைத் தேடி வந்தவள், அவர்கள் ஐந்து பேரும் யாருக்கும் காட்டாத ஒன்றை, எந்தச் சாவியும் இல்லாமல், நாற்காலியில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறிக்கையைத் திறந்து பன்னிரண்டாவதாக ஒன்று சேர்த்தேன். 'விசாரணைக்கு வருபவர் உட்பட எந்த ஊழியரும், ஆட்டக்காரர்களின் கைவேகத்தையும் பேச்சையும் அவர்கள் அறியாமல் நேரடியாகப் பார்க்க முடிகிறது. தேவையில்லாமல் இப்படிப் பார்த்த ஒரு சம்பவம் இன்று மதியம் மூன்று மணி இருபத்தாறு நிமிடத்துக்கு நடந்தது. பார்த்தவர்: நான். இந்த வழியை இன்றே மூட வேண்டும்.'

கையெழுத்திட்டேன். பிறகு நாச்சிமுத்துவைக் கூப்பிட்டு, அவருடைய சாவிக்குச்சியைச் செருகச் சொல்லி, மூடினேன்.